கண்ணியும் கலங்கலும்

சென்னையின் மேற்குப் புறநகர் ஏரிகளைப் பார்க்கத் தை மாதம்தான் ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழை நிரப்பிவிட்டுப் போன தண்ணீர் அப்போது அதிகம் வற்றியிருக்காது. வடக்கிலிருந்து வலசை வந்த வாத்துகளும் உள்ளான்களும் ஊர் திரும்பியிருக்காது. அரக்கோணம் தடத்தில் விடியற்காலை ரயிலைப் பிடித்துக் கொரட்டூரில் இறங்கினேன். அங்கிருந்து அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வழியாகச் செம்பரம்பாக்கம் வரை போவதாகத் திட்டம். வழி நெடுக ஏரிகள். இந்த ஏரிகளிலும் கொல்லைகளிலும் எதைப் பிடிக்கலாம், எந்த மாதத்தில் பிடிக்கலாம், எவ்வளவு பிடிக்கலாம் என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. அந்த விதியும் அதற்கு உட்பட்டு வாழ்ந்த மனிதர்களும் என்ன ஆனார்கள் என்று அறிவதற்காகவே கிளம்பினேன்.

கொரட்டூர் ஏரிக்கரையில் ஏறியதும் முதலில் தெரிந்தவை நாமக்கோழிகள். கரிய உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம். கரைப்பக்கத்துக் கோரைக்குள் நீலத் தாழைக்கோழி ஒன்று நீண்ட விரல்களால் தண்டைப் பிடித்து நின்று கடித்துக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி ஒரு முக்குளிப்பான் மூழ்கியது, வேறெங்கோ எழுந்தது. நடுவில் புள்ளிமூக்கு வாத்துகள் ஜோடி ஜோடியாக மிதந்தன. இவ்வளவும் கண்ணுக்கு. மூக்குக்கு வந்தது சாக்கடை வாடை. தொழிற்பேட்டைக் கழிவும் வீட்டுக் கழிவும் இந்த ஏரியில் கலப்பது பற்றித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போயிருக்கிறது. காலையில் கரையில் நடக்க வருகிறவர்கள் பறவைகள் இருக்கும் பக்கத்தைச் சுட்டிக் காட்டுவதுபோலவே கழிவு நுழையும் பக்கத்தையும் சுட்டிக் காட்டுகிறார்கள்.

புள்ளிமூக்கு வாத்தை இன்று யாரும் சுட முடியாது. ஆனால் சுடுவதற்கு உரிமம் வாங்க முடிந்த காலம் அவ்வளவு பழையது அல்ல. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒரேயடியாக நிறுத்திவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அந்தச் சட்டம் முதலில் வந்தபோது அதில் நான்கு வகை உரிமங்கள் இருந்தன. சிறப்பு வேட்டை விலங்குகளுக்கு ஒன்று, பெருவேட்டைக்கு ஒன்று, சிறுவேட்டைக்கு ஒன்று, உயிரோடு பொறிவைத்துப் பிடிப்பதற்கு ஒன்று. முயல், காடை, கௌதாரி போன்றவை சிறுவேட்டைக்குள் வந்தன. இனப்பெருக்க மாதங்களில் வேட்டை கூடாது என்று அரசு தடைக்காலம் அறிவிக்கலாம். இரவில் வேட்டை கூடாது, வண்டியில் துரத்தக் கூடாது, குட்டியோடு இருக்கும் தாயைத் தொடக் கூடாது. விலங்குகள் தண்ணீர் குடிக்க வரும் இடத்தில் காத்திருந்து கொல்லக் கூடாது என்றும் ஒரு விதி. அதில் நீர்ப்பறவைகளுக்கு விலக்கு உண்டு. கொன்றதையும் பிடித்ததையும் உரிமம் பெற்றவர் ஏட்டில் எழுதி அதிகாரியிடம் கணக்குக் காட்ட வேண்டும். 1991ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த உரிமங்களை எல்லாம் நீக்கியது. அதன் பிறகுதான் பொழுதுபோக்குக்கோ பிழைப்புக்கோ வேட்டையாட இந்த நாட்டில் யாருக்கும் பருவமும் இல்லை, அளவும் இல்லை. எல்லா மாதமும் தடை மாதம்தான்.

அம்பத்தூருக்கு அடுத்த ரயில். ஜன்னலோரம் தொழிற்சாலைக் கூரைகளும் அடுக்குமாடிகளும் மாறி மாறி ஓடின. அம்பத்தூர் ஏரியை ரயிலிலிருந்து முழுதாகப் பார்க்க முடியாது. வீடுகளின் இடைவெளியில் ஒரு துண்டு நீர் பளிச்சிட்டு மறையும். 1960களில் தொழிற்பேட்டை வந்தபோது இந்தப் பக்கமெல்லாம் வயலும் தோப்பும். வேலை தேடி வந்தவர்களுக்கு வீடு வேண்டியிருந்தது. வீடு கட்டத் தாழ்வான இடமும் விலைக்கு வந்தது. எந்த ஏரியைக் கேட்டாலும் இதே கதைதான். அதன் உள்வாய் முதலில் மனையாகும், நீர் கொண்டுவரும் வரத்துக்கால் சாலையாகும், கடைசியில் உபரிநீர் வழியும் கலங்கலுக்குக் கீழே வீடு வந்து நிற்கும். மழைக்காலத்தில் கலங்கல் வழிந்தால் நீர் அந்த வீட்டுக்குள்தான் போகும்.

ஆவடியில் இறங்கி வெளியே வந்தேன். டாங்கித் தொழிற்சாலை, விமானப்படை, துணை ராணுவப் பயிற்சி மையம் என்று சீருடைகளின் ஊர் இது. 1955இல் காங்கிரஸ் மாநாடு நடந்த ஊர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு இன்னொரு காரணத்துக்காக இந்த ஊரைப் பார்க்க வேண்டியிருந்தது. ஆவடிச் சுற்றுப்புறத்தில், ஒரு காலத்தில் வேட்டையைத் தொழிலாகக் கொண்டிருந்த நரிக்குறவர்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. 2022 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அங்கே வந்து ஒரு மாணவியின் வீட்டில் உட்கார்ந்து சிற்றுண்டி சாப்பிட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தைத் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நிறைவேற்றின. பல பத்தாண்டுக் கோரிக்கை அது.

சாலையோரத்தில் துணி விரித்துப் பாசிமணியும் ஊசியும் வளையலும் பரப்பியிருந்த ஒரு பெரியவரிடம் உட்கார்ந்தேன். பேரனுக்கு என்று ஒரு கறுப்புப் பாசி வாங்கிக்கொண்டு பேச்சைத் தொடங்கினேன்.

"ஐயா, கண்ணி வைக்கத் தெரியுமா?"

என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். வனத்துறை ஆளோ என்று நினைத்திருக்க வேண்டும். எழுதுகிறவன் என்று சொன்னதும் முகம் தளர்ந்தது.

"தெரியாம இருக்குமா சாமி? எங்க அப்பன் காலத்துல கௌதாரிக்குக் குதிரைவால் மயிரு. அதுதான் கண்ணுக்குத் தெரியாது. தண்ணிபட்டாலும் ஊறாது."

பாசி கோக்கும் நைலான் நூலில் ஒரு சாண் அறுத்தார். ஒரு முனையில் சிறு கண் முடிந்தார். மறு முனையை அந்தக் கண்ணுக்குள் விட்டு இழுத்தபோது ஒரு சுருக்கு வந்தது. என் சுண்டுவிரலை உள்ளே வைக்கச் சொன்னார். அசையாமல் வைத்திருந்தபோது நூல் தளர்வாகவே இருந்தது. விரலை வெளியே இழுத்தேன், இறுகியது. இன்னும் இழுத்தேன், தோலில் வரி விழுந்தது. "பயந்து இழுக்குறதுதான் மாட்டும்" என்றார். இப்படிப்பட்ட சுருக்குகளை வரிசையாக ஒரே கயிற்றில் கட்டி, மூங்கில் குச்சிகளால் தரையில் ஊன்றிக் கொல்லையின் குறுக்கே விரிப்பார்களாம். பிறகு மறைந்திருந்து கௌதாரியின் குரலை எழுப்புவார்களாம். கேட்டதும் உதட்டைக் குவித்து ஒரு முறை எழுப்பியும் காட்டினார். ஆட்டோ சத்தத்துக்கு நடுவே அந்தக் குரல் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"எல்லா மாசமும் பிடிப்பீங்களா?"

"முட்டை வைக்கிற நேரத்துல எவன் போடுவான்? குஞ்சு பொரிச்சாத்தானே அடுத்த வருசம் நமக்குச் சோறு. இப்போ ஒண்ணும் கிடையாது சாமி. புடிச்சா ஜெயில். பேரப் புள்ளைங்களுக்குக் கௌதாரி எதுன்னே தெரியாது."

அவர் சொன்ன சிறை மிகையானது அல்ல. உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள உயிரைக் கொன்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அபராதத்தையும் உயர்த்தியிருக்கிறது. இவர்கள் சமூகத்தின் பேரிலேயே இருக்கும் நரியும் இப்போது அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. அந்தத் தடையை நான் முழு மனதோடு ஏற்கிறேன். கௌதாரி அருகிவிட்ட காலத்தில் கண்ணிக்கு இடம் இல்லை. ஆனால் ஒரு தொழிலை மூடுகிற சட்டம் அந்தத் தொழிலைச் செய்தவர்களுக்கு மாற்றுவழி காட்டவில்லை. நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் வைத்திருந்த குடும்பங்கள் ஊசிபாசிக்கு மாறின. ஒரு பறவையின் குரலைக் கேட்டே அது பெட்டையா சேவலா, எந்தப் புதரில் இருக்கிறது என்று சொல்லக்கூடிய அறிவு எந்தப் பள்ளியிலும் எந்த அலுவலகத்திலும் கணக்கில் வரவில்லை.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் வழியில் பருத்திப்பட்டு ஏரி. சுமார் 87 ஏக்கர். 2019இல் சீரமைத்துப் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். சுற்றி நடைபாதை, படகு, நடுவில் பறவைகளுக்கான மண்திட்டு. அந்தத் திட்டில் கொக்குகளும் நீர்க்காகங்களும் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. ஓர் ஏரிக்குப் பணம் ஒதுக்கி, கழிவைத் தடுத்து, காவல் போட்டால் அது பிழைக்கும் என்பதற்கு இந்தப் பகுதியிலேயே சாட்சி இருக்கிறது. இது விதிவிலக்காக இருப்பதுதான் வருத்தம்.

கூவத்தைக் கடந்து பூந்தமல்லிக்குள் நுழையும்போது மெட்ரோ தூண்கள் சாலையின் நடுவே வரிசையாக நின்றன. இந்த ஊரில் வெள்ளைக்காரன் காலத்தில் படைமுகாம் இருந்தது. சீமையிலிருந்து வந்த சிப்பாய்களை இங்கே தங்கவைத்துப் பிறகு மற்ற இடங்களுக்கு அனுப்புவார்கள். அன்றைய செங்கல்பட்டுச் சீமையில் சிப்பாய்களின் கையில் துப்பாக்கி, கண்ணுக்கு எட்டும் தூரமெல்லாம் ஏரி. விளைவு என்ன என்பதற்கு வேடந்தாங்கல் சாட்சி. சிப்பாய்கள் தங்கள் ஏரியில் பறவைகளைச் சுடுவதாக வேடந்தாங்கல் மக்கள் முறையிட்டார்கள். எச்சம் கலந்த நீர் வயலுக்கு எருவாகும் என்பது அவர்களுக்குத் தெரியும். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அந்த ஏரியில் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கே எழுதிக் கொடுத்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. இந்தியாவிலேயே வேட்டைக்கு எதிராக எழுதப்பட்ட மிகப் பழைய விதிகளில் ஒன்று இது. 2022இல் வேடந்தாங்கல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றபோது, அதன் அடித்தளம் ஓர் ஊராரின் முறையீடு என்பதை நினைத்துக்கொண்டேன்.

அரசின் விதிகள் பின்னால் வந்தன. நீலகிரியில் வேட்டைக்கும் மீனுக்கும் தடைக்காலம் வைத்து 1879இல் மதராஸ் அரசு சட்டம் போட்டது. இனப்பெருக்கக் காலத்தில் கொன்ற பறவையை விற்பதைத் தடுக்க நகராட்சிகளுக்கும் கன்டோன்மென்டுகளுக்கும் 1887ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் அதை விரித்தது. இவற்றுக்குப் பின்னால் இருந்த எண்ணம் பெரும்பாலும் வேட்டையாடுகிறவனின் நலன்தான்: அடுத்த ஆண்டும் சுடுவதற்குப் பறவை இருக்க வேண்டும். எண்ணம் எதுவாக இருந்தாலும் அதில் ஓர் ஒழுங்கு இருந்தது. எடுப்பவன் எவ்வளவு எடுக்கிறான் என்று யாரோ ஒருவர் கணக்குக் கேட்டார்கள்.

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கம். உபரிநீரை அடையாற்றில் விடும் ஏரி. முழுக் கொள்ளளவு 3.645 டி.எம்.சி., முழு உயரம் 24 அடி. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி இது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இதன் நீர்மட்டம் நகரம் முழுவதும் பேசப்படும் எண்ணாகிவிட்டது. கரையோரம் நின்று பார்த்தபோது நீர் அடிவானம் வரை போனது. கூழைக்கடாக்கள் ஒரு கூட்டமாகத் தலையை நீருக்குள் அமிழ்த்தி எழுந்தன. இத்தனை பெரிய ஏரி என்பதால்தான் இன்னும் ஏரியாக இருக்கிறது. சுற்றியுள்ள சிறு ஏரிகளுக்கும் கழனிகளுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஏரிக்கு அந்தப் பக்கம் இன்னும் நெல் விளையும் ஒரு நிலத்தில் விவசாயி ஒருவரோடு பேசினேன். முன்பெல்லாம் அறுவடை முடிந்ததும் இருளர் பழங்குடியினர் கடப்பாரையோடு வருவார்களாம். வரப்பில் ஒரு வளையைப் பார்த்ததும் மற்ற வாய்களை மண் வைத்து அடைப்பார்கள். வைக்கோலும் காய்ந்த இலையும் திணித்த பானையில் தீ மூட்டி, பானையின் அடித்துளையில் வாய் வைத்து ஊதிப் புகையை வளைக்குள் விடுவார்கள். எலி மயங்கி விழும். வளையை வெட்டும்போது எலி பதுக்கிய நெல்லும் கிடைக்கும், அதுவும் அவர்களுக்கே. "மருந்து வெச்சா ஆந்தையும் சாவுது, கீரியும் சாவுது. அவங்க கையில புடிச்சா எலி மட்டும்தான் போவும்" என்றார். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய வடிவில் எலி, காக்கை, பழந்தின்னி வௌவால் முதலியவை தீங்கு உயிர்களாகத் தனிப் பட்டியலில் இருந்தன. அவற்றுக்குப் பருவமோ அளவோ கிடையாது. ஆனால் வளை இருந்த வரப்புகள் பல இன்று மனைக்கல் நட்ட லேஅவுட்டுகளாகிவிட்டன. எலி பிடிக்கத் தெரிந்தவர்களில் எத்தனையோ பேர் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணம் வாங்கிக் கொத்தடிமையானார்கள்.

இந்த மாநிலத்தில் பருவமும் அளவும் கணக்கும் இன்னும் முறையாக நடக்கும் பிடிப்பு ஒன்று உண்டென்றால், அதை நடத்துகிறவர்களும் இருளர்களே. 1970களின் நடுவில் பாம்புத்தோல் ஏற்றுமதி நின்றபோது அவர்கள் பிழைப்பு அடியோடு போனது. 1978இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் போன்றவர்களின் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் அது இயங்குகிறது. உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு நஞ்சு எடுக்கச் சட்டத்தின் 12ஆவது பிரிவு இடம் தருகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கில் ஒவ்வொன்றும் எத்தனை என்று அரசு அனுமதி நிர்ணயிக்கிறது. பிடித்த பாம்பை மண்பானையில் மூன்று, நான்கு வாரம் வைத்திருந்து, வாரம் ஒரு முறை வீதம் நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு, மீண்டும் காட்டிலேயே விடுகிறார்கள். அந்த அடையாளத்தோடு மறுபடி மாட்டும் பாம்பை உடனே விட்டுவிட வேண்டும். நாட்டில் பாம்புக்கடிக்குப் போடும் ஊசிமருந்துக்கான நஞ்சின் பெரும்பங்கு இங்கிருந்தே போகிறது.

இவர்கள் அறிவு கடல் தாண்டியும் அழைக்கப்பட்டது. 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம், அங்கே வந்தேறிப் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரை அழைத்தது. முதல் எட்டு நாளில் அவர்கள் குழு 13 மலைப்பாம்புகளைக் கண்டுபிடித்தது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மரபாக வந்த அறிவுக்கு விதியும் கூலியும் மரியாதையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

அமெரிக்காவில் வேட்டை இன்றும் சட்டப்படியே நடக்கிறது. ஒவ்வொரு மாநிலமும் எந்தப் பறவை, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, ஒரு நாளைக்கு எத்தனை என்று ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிடுகிறது. அந்த வேட்டையை இங்கே கொண்டுவரச் சொல்ல மாட்டேன். நம் ஏரிகள் அதைத் தாங்காது. ஆனால் அதில் ஒரு பகுதி நமக்குப் பாடம். நீர்ப்பறவை வேட்டைக்குப் போகும் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் 1934 முதல் வாத்து முத்திரை ஒன்றை வாங்க வேண்டும். அந்தப் பணத்தில் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் ஈரநிலம் வாங்கவும் காக்கவும் போகிறது. இதுவரை சுமார் 60 லட்சம் ஏக்கர் அப்படிக் காப்பாற்றப்பட்டிருக்கிறது. பறவையை எடுப்பவன் பறவையின் இடத்துக்குக் காசு கொடுக்கிறான்.

இங்கே என்ன நடந்தது? வாத்தின் மீது துப்பாக்கி நீட்டக் கூடாது என்றோம், சரியாகவே சொன்னோம். அந்த விதிக்கு விலை கொடுத்தவர்கள் ஆவடியில் பாசி விற்கிறவரும், வரப்பில் கடப்பாரையோடு நடந்தவரும்தான். வாத்து மிதக்கும் தண்ணீரை எடுத்துக்கொண்ட நாம் எந்த விலையும் கொடுக்கவில்லை. ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007இலேயே தமிழ்நாடு சட்டம் இயற்றிவிட்டது. ஆனால் கண்ணி வைத்தவரைப் பிடிக்கும் வேகத்தில் வரத்துக்காலை அடைத்தவரைப் பிடிப்பதை இந்தப் பயணத்தில் எந்த ஊரிலும் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. ஒரு கண்ணியில் ஒரு கௌதாரி சாகும். மூடப்பட்ட ஒரு வரத்துக்காலில் இனி பிறக்க வேண்டிய எல்லாப் பறவைகளும் சாகும்.

விதியை நுணுக்கமாக எழுதவும் நிறைவேற்றவும் தமிழ்நாடு அரசால் முடியும். 2025 தொடக்கத்தில் காட்டுப்பன்றிப் பிரச்சினைக்கு அது வகுத்த முறையைப் பாருங்கள். காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையின் பயிற்சி பெற்றவர்கள் மட்டும் சுடலாம். தூரத்தை அளந்து, யார், எங்கே, என்ன செய்யலாம் என்று சொன்ன விதி அது. அதே அளவுகோலை ஏரிகளுக்கும் வைக்கலாம். கரையிலிருந்து இத்தனை மீட்டருக்குள் மனை கூடாது, இந்த மாதங்களில் தூர் வாரக் கூடாது, வரத்துக்கால் மீது ஒரு கல்லும் கூடாது என்று ஒவ்வொரு ஏரிக்கும் எழுதி, கரையில் பலகையாக நட வேண்டும். ஏரியை ஒட்டி லேஅவுட் போடும் ஒவ்வொருவரிடமும் வாத்து முத்திரை போல ஒரு தொகை வாங்கி, அதை அந்த ஏரிக்கே செலவிட வேண்டும்.

அந்தச் செலவின் முதல் தொகை யாருக்குப் போக வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆண்டுதோறும் ஜனவரியில் ஈரநிலப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தொலைநோக்கியோடு வரும் தன்னார்வலர்களுக்குப் பக்கத்தில், குரலைக் கேட்டே பறவையைச் சொல்லும் நரிக்குறவர்களையும், தடத்தைப் பார்த்தே உயிரைச் சொல்லும் இருளர்களையும் சம்பளத்தோடு நிறுத்த வேண்டும். கொரட்டூர் முதல் செம்பரம்பாக்கம் வரை ஒவ்வொரு ஏரிக்கும் இவர்களிலிருந்தே காவலர்களை நியமிக்க வேண்டும். வேடந்தாங்கலில் அந்தக் காவலை ஊராரிடம் கொடுத்தபோது ஏரி பிழைத்தது. வடநெம்மேலியில் அந்த அறிவுக்கு அளவும் கூலியும் வைத்தபோது பாம்பும் பிழைத்தது, பாம்பு கடித்தவரும் பிழைத்தார். மேற்குப் புறநகரின் ஏரிகளும் அப்படித்தான் பிழைக்கும்.